இருபத்தோராம் நாள்

அமைதியான வேளையில் என் தங்கையின் அருகில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு மெல்லிய ஓசை கேட்கும். கைக்கடிகாரத்தைக் காதோடு சேர்த்து வைத்தாற்போன்ற ஓசை அது. மின்சாரம் நின்றுபோன கோடை இரவுகளில், மணப்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அனைவரும் படுத்திருக்கும்போது, சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் கடல் இரைச்சலுக்கு இடையிலும் அதை நான் கேட்டிருக்கிறேன். அவளுடைய இருதயத்தினுள் ஒரு சிறு வட்டு திறந்து மூடுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை அது திறந்து மூடியாக வேண்டும். 2004ஆம் ஆண்டு முதல் அது தன் கடமையில் தவறியதில்லை.

தவறியவன் நான். அந்தக் கதையை இத்தனை ஆண்டுகளாக நான் யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வயதை அடைந்துவிட்டேன். நம் குடும்பங்களில் உள்ள பெற்றோர் யாரேனும் ஒருவருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தால் இப்போது எழுதுகிறேன்.

1979ஆம் ஆண்டு. எனக்கு 18 வயது, தங்கைக்கு 9. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. உப்புநீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார் அம்மா. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். நாலைந்து நாட்களில் வலி போய்விட்டது. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. முதலில் முழங்கால் வீங்கியது, அது வாடியதும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. வீக்கம் வீடு மாறிக் குடியேறுவதுபோல் ஒரு மூட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தது. "பிள்ளை மணிலாக் கொல்லையில் விழுந்திருப்பாள்" என்று தைலம் தடவினோம். காய்ச்சல் தணியாததால் மாட்டு வண்டியில் மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

அந்த மருத்துவர் மூட்டுகளைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவள் மார்பில் குழலை வைத்துக் கேட்டார். "இது வாதக் காய்ச்சல்" என்றார். தொண்டையில் புகுந்த ஒருவகைக் கிருமியை எதிர்த்துப் போரிட உடல் படை திரட்டுகிறது. அந்தப் படை கிருமியை அடையாளம் தவறி, தன் சொந்த மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிறது. மூட்டு வீக்கம் தழும்பின்றி ஆறிவிடும். இருதயத்தின் வால்வுகளில் ஏற்படும் காயமோ ஆறாது. ஒவ்வொரு முறை தொண்டையில் அந்தக் கிருமி புகும்போதும் காயம் ஆழமாகும். 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையே இந்நோய் பெரிதும் நாடுகிறது. நெருக்கமான சிறு வீடுகளில் ஒரே பாயில் பல பிள்ளைகள் படுத்துறங்கும் ஊர்களில் அது அதிகம். இவற்றையெல்லாம் நான் பின்னாளில் அறிந்தேன். அன்று அவர் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "21 நாளுக்கு ஒரு ஊசி. குறைந்தது 21 வயது வரை. ஒன்றையும் விடக்கூடாது."

அந்த ஊசியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாதாரணப் பென்சிலின் உடலில் சென்றால் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே 1950களின் தொடக்கத்தில் மருந்து அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். எளிதில் கரையாத ஓர் உப்பாகப் பென்சிலினை மாற்றினார்கள். பென்சத்தீன் பென்சிலின் என்று அதற்குப் பெயர். சுண்ணாம்பு கலக்கியதுபோன்ற அந்த வெள்ளை மருந்தை இடுப்புத் தசையில் ஏற்றிவிட்டால், அங்கேயே படிந்து, மூன்று நான்கு வாரங்கள் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். குதிரில் கொட்டிய நெல்லை நாளுக்கு ஒரு படியாக அளந்து எடுப்பதுபோல, உடலே தன் மருந்தை அளந்து எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் மாத்திரை விழுங்க மறந்துவிடும் ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆனால் அது வலிக்கும். மருந்து கெட்டியாதலால் பருமனான ஊசி வேண்டும். அக்காலத்தில் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி ஊசிதான். போட்ட இடம் இரண்டு நாள் கல்லாக இருக்கும். மிதிவண்டியின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி, அதன்மேல் அவளை உட்கார வைத்து, மணற்சாலையில் தள்ளியும் கடலூர்ச் சாலையில் மிதித்தும் நான்தான் அழைத்துச் செல்வேன். போகும்போது கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு வருவாள். திரும்பும்போது உட்கார முடியாமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து வருவாள். செவிலியம்மா ஒரு அட்டையில் தேதி குறித்துக் கொடுப்பார். அடுத்த தேதியையும் பென்சிலால் எழுதிவிடுவார்.

1982இல் எனக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு நிலத்து வேலை. அம்மாவுக்கு வெளியூர் சென்று பழக்கமில்லை. தங்கைக்கோ 12 வயது. ஓடினாள், கயிறு தாண்டினாள்; வகுப்பில் முதலாவதாக வந்தாள். நோயின் அடையாளம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் அம்மா என்னைக் கேட்டார்: "தம்பி, படித்தவன் நீ சொல்லு. பிள்ளைதான் நல்லாயிருக்குதே. இனியும் அந்த ஊசி வேணுமா?"

அவள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அம்மா. மூன்று வருஷம் போட்டாயிற்று, போதும்" என்றேன்.

அவள் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். அந்தக் கைதட்டலின் ஓசையும் இன்றுவரை என் காதில் கேட்கிறது.

1991இல் அவளுக்குத் திருமணம் நடந்தது. 1993இல் அவள் கருவுற்று ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வதாக மாப்பிள்ளை வந்து சொன்னார். "தலையணையை மூன்றாக அடுக்கியும் மூச்சுத் திணறுகிறது" என்றார். புதுவையில் பரிசோதித்து, உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். இருதயத்தின் இடப்புறத்தில், நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் கடந்து செல்லும் ஈரிதழ் வால்வு, விளிம்புகள் ஒட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் துளையளவுக்குச் சுருங்கியிருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு இரத்தத்தின் அளவு பெருகும். பெருகிய வெள்ளம் குறுகிய மதகைக் கடக்க இயலாமல் நுரையீரலில் தேங்கியது. பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த எங்களுக்கு மதகை உவமையாகச் சொன்னதும் விளங்கிவிட்டது.

மருத்துவர் கேட்டார்: "சிறு வயதில் ஊசி போட்டிருக்கிறீர்களே, ஏன் நிறுத்தினீர்கள்?"

நான் வாய் திறக்குமுன் என் தங்கை பதில் சொன்னாள்: "வலிக்குதுன்னு நான்தான் போகமாட்டேன்னு அழுதேன், டாக்டர்."

அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை. நான் மௌனமாக நின்றேன். செய்த தவற்றைவிட அந்த மௌனமே என்னை அதிகம் வருத்துகிறது.

அவளைக் காப்பாற்றியது ஒரு பலூன். ஜப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனோவே உருவாக்கி, 1982இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய கருவி அது. தொடையிடுக்கு நரம்பின் வழியாக மெல்லிய குழாயை இருதயம்வரை செலுத்தி, சுருங்கிய வால்வின் நடுவே அதன் நுனியிலுள்ள பலூனை விரிப்பார்கள். ஒட்டியிருந்த இதழ்கள் பிரியும். உடனே பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. நான் ஊசியை நிறுத்தச் சொன்ன அதே 1982ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் ஒருவர் என் தவற்றுக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு ஒரு நூலில் படித்தபோது நெஞ்சு நெகிழ்ந்தேன். எக்ஸ்ரே கதிர் குழந்தையைத் தாக்காதிருக்க அவள் வயிற்றுக்கு ஈயக் கவசம் போர்த்தினார்கள். அன்றிரவே ஒரு தலையணையில் படுத்துறங்கினாள். உரிய காலத்தில் ஆண் குழந்தை பிறந்தது.

மருத்துவமனையிலிருந்து புறப்படும்போது அதே பழைய ஊசியை மீண்டும் எழுதிக் கொடுத்தார்கள். வால்வில் தழும்பு உள்ளவர்களுக்கு 40 வயதுவரையேனும், சிலருக்கு அதற்கு மேலும், அது வேண்டும் என்றார்கள். அப்போது எனக்குப் பாகூர்ப் பக்கத்துப் பள்ளியில் வேலை. 21 நாளுக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொள்வேன். மாப்பிள்ளை, "நான் அழைத்துச் செல்கிறேனே, உங்களுக்கு எதற்கு மச்சான் சிரமம்?" என்பார். காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை.

பலூன் திறந்த வால்வு பத்தாண்டு உழைத்தது. பிறகு மீண்டும் சுருங்கியதோடு கசியவும் தொடங்கியது. 2004இல் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அதன் பெயர் சித்ரா வால்வு. அது நம் அண்டை மாநிலமான கேரளத்தில் பிறந்தது என்று கேட்டபோது எங்களுக்கு ஏதோ உறவினர் வீட்டுப் பொருள் போன்ற நெருக்கம் ஏற்பட்டது.

செயற்கை இருதய வால்வு மேல்நாடுகளில் 1960ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் விலை நம் நாட்டு ஏழைக்கு எட்டாக்கனி. வாதக் காய்ச்சலோ ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தேடி வரும் நோய். இந்த முரண்பாட்டைக் கண்டு மனம் பொறுக்காதவர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இயக்குநராயிருந்த அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான். 1970களின் பிற்பகுதியில் அவர் பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு, பூஜப்புரையிலுள்ள பழைய சாத்தல்மண்ட் அரண்மனையில் முயற்சியைத் தொடங்கினார். முதல் மாதிரி தேறவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் தேறவில்லை. செயற்கை நீலக்கல்லால்கூட வட்டு செய்து பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை. நான்காவது மாதிரியில், உறுதிமிக்க கோபால்ட்-குரோமியம் கலப்புலோகச் சட்டத்துக்குள், அடர்ந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆன வட்டைப் பொருத்தி, தையலுக்கென்று சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வளையம் வைத்தார்கள். இயந்திரத்தில் கோடிக்கணக்கான முறை திறந்து மூடச் செய்தும், செம்மறியாடுகளுக்குப் பொருத்தியும் சோதித்த பின்னரே மனிதருக்கு வைத்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் விற்றது. 1 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். செய்தித்தாளில் அவர் படத்தைக் கத்தரித்து என் தங்கை தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆயினும் வால்வு வைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணலாகாது. அந்நியப் பொருளைத் தொட்டால் இரத்தம் உறையும். உறைந்த கட்டி வட்டை இயங்கவிடாமல் தடுக்கலாம், மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் உண்டாக்கலாம். ஆகவே உறைவைத் தடுக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். குறைந்தால் உறைவு; மிகுந்தால் இரத்தக் கசிவு. ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அறவே விட்டாலும் எண் மாறிவிடும். கீரை கூடாது என்பதில்லை; அளவு மாறக்கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும், யாரோ கொடுக்கும் சூரணமும் ஆபத்தை விளைவிக்கும். பல் பிடுங்குவதற்கு முன்பும் இருதய மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இவற்றிலும் புதுமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவி வந்துவிட்டது. மார்பைத் திறக்காமல், மடித்த வால்வைத் தொடை நாளத்தின் வழியாகக் கொண்டுசென்று விரிக்கும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் அலென் கிரிபியே 2002இல் முதன்முதலாகச் செய்து காட்டினார். அது பெரும்பாலும் முதியோரின் வேறொரு வால்வு நோய்க்கே பயன்படுகிறது. அடிக்கடி இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புதிய உறைவுத் தடை மாத்திரைகளும் உண்டு. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை பாதுகாப்பானவை அல்ல என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. என் மருமகன், அந்த பலூன் காப்பாற்றிய பிள்ளை, கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குப் புது மாத்திரை வாங்கலாமே மாமா" என்றான். மருத்துவரைக் கேட்டபோது உறுதியாக மறுத்துவிட்டார். புதியதெல்லாம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்பதை அன்று இருவரும் கற்றுக்கொண்டோம்.

அந்த வெள்ளை ஊசியையும் அறிஞர்கள் மறக்கவில்லை. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், வெளியே நோய் தெரியாமல் வால்வில் தொடக்கநிலைப் பாதிப்பு மட்டுமே உள்ள 818 பிள்ளைகளை எதிரொலிக் கருவியால் கண்டறிந்து, ஒரு பாதியினருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை அந்த ஊசியைப் போட்டார்கள். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் முற்றியிருந்தது; போட்டவர்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2021இல் அம்முடிவு வெளியானது. அதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. ஆஸ்திரேலியாவில், மருந்தைத் தசைக்குப் பதிலாகத் தோலுக்கடியில் அதிக அளவில் மெதுவாக ஏற்றி, சில வாரங்களுக்குப் பதில் சில மாதங்கள் நிலைக்கச் செய்ய ஆராய்ந்து வருகிறார்கள். அது கைகூடினால் எத்தனை பிள்ளைகளின் கண்ணீர் குறையும்!

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் அந்தப் பழைய அட்டை இருந்தது. 46 தேதிகள் மையால் எழுதப்பட்டிருந்தன. 47ஆவது பென்சிலால் எழுதப்பட்டு, அப்படியே நின்றிருந்தது. தங்கையும் என் தோள்மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் என்னால் பேச முடிந்தது. "போதும் என்று சொன்னவன் நான். டாக்டரிடம் பழியை நீ ஏற்றுக்கொண்டாய். மன்னித்துவிடம்மா" என்றேன்.

அவள் சிறிது நேரம் அட்டையையே பார்த்தாள். "அந்த 46ம் யார் சைக்கிளில் போனேன் அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் தெருவில் இப்போது ஒரு சிறுவன் இருக்கிறான். தகப்பன் வெளிநாட்டில், தாய்க்கு வேலைக்குப் போக வேண்டும். அவனுக்கும் அதே நோய், அதே ஊசி. 21 நாளுக்கு ஒருமுறை என் ஸ்கூட்டரில் அவனை ஏற்றிச் செல்கிறேன். போன தடவை வரமாட்டேன் என்று திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். "இப்போதான் நல்லாயிருக்கேனே தாத்தா" என்றான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது என் தங்கை வந்து அவனை மடியில் உட்கார வைத்தாள். அவன் காதைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, "கேட்குதா?" என்றாள். அழுகையை நிறுத்தி, கண்களை அகல விரித்து அவன் கேட்டான். "உனக்கு இது வேணாமேன்னுதான் தாத்தா கூட்டிட்டுப் போறாரு" என்றாள். அவன் தானே எழுந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

அன்புப் பெற்றோரே, தொண்டை வலி எல்லாம் இந்நோய் ஆகிவிடாது. பெரும்பாலானவை தாமே ஆறிவிடும். ஆனால் காய்ச்சலோடு கூடிய தொண்டைப் புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். கொடுத்த மருந்தை முழுமையாகக் கொடுங்கள். மூட்டு வீக்கம் இடம் மாறினால் தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசி எழுதியிருந்தால், பிள்ளை ஓடியாடுகிறது என்பதற்காக அதை நிறுத்தாதீர்கள். நிறுத்தலாமா என்று வீட்டிலுள்ள படித்தவனைக் கேட்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

அவனுக்கு அடுத்த தேதி வருகிற சனிக்கிழமை. நாட்காட்டியில் மையால் குறித்து வைத்திருக்கிறேன்.